பார்ப்பவனின் இருக்கை

2024 ஆகஸ்ட் 23 வெள்ளிக்கிழமை இரண்டு தமிழ்ப் படங்கள் ஒருசேர வெளிவந்தன. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை'. மற்றது பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. மறுநாள் நான்காவது சனி, வங்கி விடுமுறை. சனி மாலை ஒன்று, ஞாயிறு காலை ஒன்று என்று இரண்டையும் பார்த்து முடித்தேன். முதல் படத்தில் அழுதேன். இரண்டாவதில் அழவில்லை. அழாமல் உட்கார்ந்திருந்ததில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் ஞாயிறு இரவுக்குள் கெட்டுப்போயிற்று. ஏன் கெட்டது என்று யோசித்ததில், பிறர் படும் துன்பத்தைத் திரையில் பார்ப்பது பற்றி நான் இதுவரை நம்பிவந்த ஒரு கருத்து தவறு என்று பட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பட விமர்சனமாக வாசிக்கிறவர்களுக்கு ஏமாற்றம் இருக்கலாம்.

நம் வட்டத்தில் கண்ணீருக்கு மதிப்பு கிடையாது. 1961-ல் 'பாசமலர்' வந்தது; தமிழ்நாடு அழுதது. அதற்குப் பின் சிறுபத்திரிகைப் பக்கம் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த அழுகையிலிருந்து விலகி நிற்பதையே ரசனையின் முதல் தகுதியாக வைத்துக்கொண்டார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அழவைப்பது ஒரு வித்தை. வயலினை எந்த இடத்தில் ஏற்றுவது, காமிராவை எந்த நிமிஷத்தில் முகத்தருகே கொண்டுபோவது என்று தெரிந்தவன் யாரையும் அழவைத்துவிடுவான். அப்படி வரவழைத்த கண்ணீருக்கும் அனுபவத்துக்கும் சம்பந்தம் இல்லை. கல்லூரியில் ப்ரெக்ட்டின் பெயரோடு சேர்த்து நானும் இதைக் கற்றுக்கொண்டேன். அந்த வயதில் சேர்ந்து வந்த பெயர்தான் கருத்தைவிட அதிகம் பிடித்திருந்தது.

இந்தக் கட்சிக்கு மேற்கில் பழைய சாட்சிகள் உண்டு. அகஸ்டின் தன் 'ஒப்புதல்கள்' மூன்றாம் புத்தகத்தில், இளமையில் கார்த்தேஜ் நகரத்து நாடகங்களைப் பார்த்துத் தான் அழுததை நினைத்து வெட்கப்படுகிறார். போய் உதவ வேண்டிய அவசியமே இல்லாத துன்பத்தைத் தேடிப்போய் ரசிப்பது என்ன இரக்கம் என்பது அவர் கேள்வி. ரூஸோ 1758-ல் தாலம்பேருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இன்னும் கறாராக இருக்கிறார். கற்பனைப் பாத்திரங்களுக்காக அழுதவன், ஒரு மனிதன் என்ற முறையில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான், தன்னிடமிருந்து எதையும் கொடுக்காமலே. வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் வெளியிட்ட உளவியல் நூலில் ஒரு ருஷ்யச் சீமாட்டியைக் காட்டுகிறார். அவள் உள்ளே நாடகம் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாள். வெளியே அவளுடைய வண்டிக்காரன் உட்கார்ந்த இடத்திலேயே குளிரில் விறைத்துச் செத்துக்கொண்டிருக்கிறான். இதற்கு ஜேம்ஸ் சொல்லும் பரிகாரம் மிகவும் எளிமையானது. அரங்கில் எழுந்த உணர்ச்சியைச் செயலாக்காமல் விடாதே. பெரிதாக ஒன்றும் முடியாவிட்டால் அத்தையிடம் அன்பாக நாலு வார்த்தை பேசு, வண்டியில் எழுந்து இன்னொருவருக்கு இடம் கொடு.

வங்கிக் குமாஸ்தாவுக்கு இந்த வாதம் சட்டென்று பிடிபடும். கடன் நிற்கிறது, பணம் வரவில்லை, ஆனால் கடன்காரன் கையில் ரசீது இருக்கிறது. கண்ணீர் அந்த ரசீது. 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' பார்த்துவிட்டு நடு ராத்திரியில் அழுத நானே, கூலி வேலையில் கைரேகை தேய்ந்து மிஷினில் விரல் விழாத கிழவிகளை 'திங்கக்கிழமை வாங்க பாட்டி' என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். வண்டிக்காரனைத் தேடி ருஷ்யா வரை போக வேண்டியதில்லை.

ஆகவே அழாதவன் மேல் என்பது என் சித்தாந்தமாக இருந்தது. அழாதவன் போலி ரசீது வாங்காதவன். அவனிடம் கடன் அப்படியே இருக்கிறது, அதனால் அவன் விழித்திருக்கிறான். தர்க்கத்தில் ஓட்டை தெரியவில்லை.

*

இந்தச் சித்தாந்தத்தோடு 'வாழை'க்குப் போனேன், போய் அழுதேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில், 90-களின் கடைசியில் நடக்கும் கதை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய சிறுவன் சிவனணைந்தான். வீட்டில் வாங்கிய முன்பணத்துக்குக் குழந்தையின் கழுத்து ஈடு. கூலியைக் கூட்டிக் கேட்கிறார்கள். கூட்டிக் கொடுத்த வியாபாரி அதை வேறு வழியில் மிச்சம் பிடிக்கிறான். தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். லாரி கவிழ்கிறது. சிறுவன் அன்று வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆட்டம் பழகப் போய்விட்டான். பசியில் ஒரு பழத்தைப் பறித்து அடி வாங்கி, ஓடி ஒளிந்து, வீடு வந்து சேரும்போது ஊர் பிணங்களைச் சுற்றி அழுதுகொண்டிருக்கிறது. அவனுக்கு அப்போதும் பசிக்கிறது. சோற்றுப் பானையைத் தேடுகிறான்.

இங்கே நான் அழுதேன். இசை ஏறிற்று, காமிரா முகத்தருகே போயிற்று, எல்லாம் நடந்தது. வித்தை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை. இது தன் சிறுவயதில் நடந்ததென்று மாரி செல்வராஜே சொல்லியிருக்கிறார். அந்த லாரியில் ஏறாதவன் இருபத்தைந்து வருஷம் கழித்து எடுத்த படம் இது. 'இவர்கள் பட்ட துன்பத்தைப் பாருங்கள்' என்று அவர் சொல்லியிருந்தால் ரூஸோவைத் துணைக்கு அழைக்கலாம். அவர் சொல்வது வேறு: நான் லாரியில் இல்லை, எனக்குப் பசித்தது, நான் சாப்பிட்டேன். தப்பியவனுடைய இருக்கையிலிருந்து பேசுகிறார். அந்த இருக்கை அவருடையதுதான். யாரிடமிருந்தும் பிடுங்கியது இல்லை.

தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையை இரண்டாவதாக வைக்கிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கில் அது பிறக்கும் என்கிறது. உரைகாரரான பேராசிரியர், தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என்று அதை இரண்டாகப் பிரித்து, பின்னதைக் கருணை என்கிறார். இந்தப் பிரிவு எனக்கு ரூஸோவைவிட உபயோகமாக இருந்தது. 'வாழை'யில் இயக்குநருடையது முதல் வகை. என்னுடையது இரண்டாவது. ஒரே அரங்கில் ஒரே காட்சிக்கு அழுதாலும் இருவரும் வேறு வேறு இடங்களில் உட்கார்ந்திருந்தோம். அவர் இருக்கையை நான் இரண்டு மணி நேரம் இரவல் வாங்கி உட்கார்ந்திருந்துவிட்டு, காலால் துழாவிச் செருப்பைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தப் படத்தில் என் அசல் இருக்கை எங்கே? கடையில் சீப்பு வாங்கி விலை கூடிப்போயிற்றென்று முணுமுணுக்கிறவனுடையது. கூலியை மிச்சம் பிடித்த வியாபாரியின் பணத்தை எண்ணி வரவு வைக்கிற குமாஸ்தாவுடையது. அந்த இருக்கைகள் படத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் கேட்க முடியாது. தப்பியவனின் கதையில் எனக்கு எதற்கு நாற்காலி? ஆனால் விஷயம் அழுகையில் இல்லை என்று அன்று இரவு தெளிவாயிற்று. ஒரு படம் என்னை எங்கே உட்கார வைக்கிறது, நான் உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறேன், இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

*

சமீப வருஷங்களில் தமிழில் காவல் நிலையத்துக்குள் காமிராவைக் கொண்டுபோன படங்கள் பல. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் செத்த பிறகு, அந்தக் காட்சிகளைப் பார்க்கும் எவனும் வெறும் கதை என்று பார்க்க முடியாது. அவற்றை இந்த இருக்கைக் கணக்கில் வைத்துப் பார்த்தேன்.

வெற்றிமாறனின் 'விசாரணை' 2015-ல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டு 2016-ல் இங்கே வந்தது. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், 80-களில் குண்டூரில் தனக்கு நேர்ந்ததை வைத்து எழுதிய 'லாக்கப்' அதற்கு மூலம். படத்தின் முதல் பாதி பார்ப்பவனைக் கைதியின் முதுகுக்குள் உட்கார வைக்கிறது. லத்தி விழும்போது என் முதுகு சுருங்கிற்று. அந்த வலி பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னை யாரும் பூங்காவில் படுத்திருந்த குற்றத்துக்காகப் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. மாதச் சம்பளமும் வங்கி அடையாள அட்டையும் உள்ளவன் நான். எனக்குரிய ஆள் இரண்டாம் பாதியில் வருகிறான்: சமுத்திரக்கனி நடித்த முத்துவேல் என்ற இன்ஸ்பெக்டர். நல்லவன். நடப்பது தவறென்று தெரிந்தவன். கொஞ்சம் கொஞ்சமாக உடன்பட்டுப் போகிறவன். தமிழ் சினிமாவில் என்னைப் போன்றவனுக்கு இவ்வளவு பொருத்தமான இருக்கை போட்ட படம் அதற்கு முன் அதிகம் இல்லை. ஆனால் வெற்றிமாறன் கடைசியில் முத்துவேலையும் கொன்றுவிடுகிறார். மனசாட்சி விழித்ததற்குச் சாவு கூலியாகக் கிடைக்கிறது. செத்தவனை யார் கேள்வி கேட்பார்கள்? அவனோடு சேர்ந்து எனக்கும் மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. நிஜத்தில் முத்துவேல்கள் சாவதில்லை. பதவி உயர்வு பெற்று ஓய்வு பெறுகிறார்கள்.

த. செ. ஞானவேலின் 'ஜெய் பீம்' நம்மை வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறது. கடலூர்ப் பகுதியில் 1993-ல் நடந்த ஒரு காவல் மரணத்தையும், அப்போது வக்கீலாக இருந்த கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கையும் வைத்து எடுத்தது. அது ஒரு மனிதர் உண்மையிலேயே உட்கார்ந்த இருக்கை. அவரைப்போல் உழைத்தவர்களுக்கு அதில் உட்கார உரிமை உண்டு. எனக்கு அது லாட்டரியில் விழுந்த மாதிரி. ஆனாலும் ரூஸோவுக்குப் பதிலும் இங்கே இருக்கிறது. அந்தப் படத்தை ஒட்டி இருளர் நலனுக்கென்று ஒரு கோடி ரூபாய் கொடுக்கப்பட்டது; செத்தவரின் மனைவி பெயரில் பத்து லட்சம் வைப்பில் போடப்பட்டது. கண்ணீர் எப்போதும் கண்ணீராகவே நின்றுவிடுவதில்லை. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை.

தொடர்கள் வேறு விதம். 2022-ல் ப்ரைமில் வந்த 'சுழல்' எட்டுப் பாகங்களையும் இரண்டு இரவுகளில் பார்த்தேன். புஷ்கர் - காயத்ரி எழுதியது. ஆலை உள்ள ஒரு சிற்றூர். மயானக்கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு பெண் காணாமல் போகிறாள். சூலமும் அம்மன் வேஷமும் தீயும் ஊரைச் சுற்றிவர, சந்தேகம் ஒவ்வொருவர் தலையிலும் ஏறி இறங்கிக் கடைசியில் ஒரு தலையில் போய் நிற்கிறது. திறமையாகச் செய்த வேலை. தூக்கம் கெட்டது. ஆனால் துப்பறியும் கதையின் அமைப்பிலேயே ஒரு சலுகை இருக்கிறது. குற்றவாளி கிடைத்த நிமிஷத்தில் ஊரில் மற்ற எல்லோரும் விடுதலை. ஏழு பாகம் வரை ஊரே சந்தேகத்துக்கு உரியதாக இருக்கும். எட்டாம் பாகத்தில் ஒருவன் பிடிபட்டதும் ஊர் சுத்தமாகிவிடும். போலீஸ்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்த்த நானும் சுத்தம். ஒரு பெண்ணுக்கு ஒரு வீட்டில் தீங்கு நேர்ந்தால் அதில் அந்த வீட்டுக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் பங்கு உண்டு என்பதை ஒரு கை விலங்கு மறைத்துவிடுகிறது.

*

இனி 'கொட்டுக்காளி'.

வினோத்ராஜ் முதல் படத்திலேயே இருக்கையை மாற்றிப் பார்த்தவர். 2021-ல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய 'கூழாங்கல்' நமக்கு 2023-ல்தான், அதுவும் வீட்டில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தது. கணவன் வீட்டார் துரத்திவிட, கைக்குழந்தையோடு பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து வந்த தன் சகோதரியைப் பற்றி அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தில் அந்த நடை ஆணின் காலுக்கு மாறிவிட்டது. குடிகாரத் தகப்பனும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். பையன் வாய் வறளாமல் இருக்கக் கூழாங்கல்லைப் போட்டுக்கொள்கிறான். வீட்டில் அதே மாதிரிக் கற்கள் ஒரு குவியலாகக் கிடப்பதைப் பார்க்கும்போது, இது முதல் நடை இல்லை என்று தெரிகிறது. யாரும் சொல்லவில்லை.

'கொட்டுக்காளி'யில் இன்னும் ஒரு படி போகிறார். மீனா என்ற பெண் வேறு சாதிப் பையனை விரும்பியிருக்கிறாள். அவளுக்கென்று பேசி வைத்த முறைமாப்பிள்ளை பாண்டி. அவளுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, இரண்டு குடும்பத்தாரும் அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடியிடம் போகிறார்கள். ஆண்கள் பைக்கில் முன்னும் பின்னும் வருகிறார்கள். பலிக்கு ஒரு சேவல். பின்னணி இசை கிடையாது. ஆட்டோவின் சத்தமும் காற்றும் சேவலின் தொண்டையும்தான். மீனா ஏறக்குறையப் படம் முழுவதும் பேசுவதில்லை. பாண்டியின் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறான். வழியில் கேட்ட பாட்டுக்கு அவள் உதடு அசைந்தது என்பதற்காக அவளை அடிக்கிறான். தடுக்க வந்த பெண்களையும் அடிக்கிறான். அடித்த பிறகு எல்லோரும் மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். வண்டி கிளம்புகிறது.

அது மட்டும்தான் அடி. மற்ற நேரமெல்லாம் கொடுமை என்று தனியாக ஒன்றும் நடப்பதில்லை. சில்லறை வேலைகள் நடக்கின்றன. ஒருவன் பெட்டிக்கடையில் நிறுத்துகிறான். ஒருவன் ஒதுங்கப் போகிறான். குழந்தை ஏதோ கேட்கிறது. வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கிறது. மீசை வைத்த ஆண்கள் தள்ளி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிக்கிற காரியம் இப்படித்தான் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் செய்யப்படுகிறது. சாமியாடியின் இடத்தில் இன்னொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான். அவன் மனதில் ஏதோ அசைகிறது. இவர்கள் முறை வரும்போது படம் முடிந்துவிடுகிறது.

என்னோடு சேர்த்துப் பதினோரு பேர் பார்த்தோம். இடைவேளைக்குப் பிறகு ஒன்பது. இப்படிப்பட்ட படத்தைத் திரையரங்குக்கே கொண்டுவந்திருக்க வேண்டாம் என்று ஒரு பேச்சு அப்போது எழுந்தது. பஸ்ஸில் வரும்போதே அதற்கு மறுப்பு முழுவதையும் மனதில் எழுதி முடித்துவிட்டேன். இசையின்மை, நீண்ட ஷாட்டுகள், முடிவைப் பார்ப்பவனிடம் விடுவதன் தார்மிகம் என்று மூன்று பகுதிகள். நல்ல கட்டுரையாக வந்திருக்கும்.

*

இரவு அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன படம் என்று கேட்டாள். அவள் தியேட்டருக்குப் போய் வருஷக்கணக்காகிறது. கதை கேட்பதில் மட்டும் பிரியம் உண்டு. சொன்னேன். "ஒரு பொண்ணு வேற சாதிப் பையன விரும்புது. பேய் புடிச்சிருக்குன்னு வீட்டாளுங்க எல்லாரும் ஆட்டோவுல ஏத்தி சாமியாடிக்கிட்டக் கூட்டிட்டுப் போறாங்க. அவ்வளவுதான் கதை."

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "நம்ம வேன்ல போனமே, அது மாதிரியா?"

2009 மே மாதம். பி.ஏ. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ஊரில் இருந்தேன். என் சித்தப்பா மகளுக்குப் பதினெட்டு முடிந்து சில மாதங்கள். அவளை ஒரு கோடாங்கியிடம் கூட்டிப் போக வாடகை வேன் பிடித்தார்கள். படித்தவன் கூட இருந்தால் அவள் அடங்கி வருவாள் என்று என்னையும் ஏறச் சொன்னார்கள். டிரைவருக்குப் பக்கத்து ஸீட். மடியில் எலுமிச்சம்பழமும் சூடமும் வெற்றிலை பாக்கும் வைத்த பை. பின்னால் சித்திக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவள். பாதி வழியில் ஒரு முறை, "அண்ணே, தண்ணி இருக்கா?" என்றாள். பாட்டிலைத் தோளுக்கு மேலே பின்பக்கம் நீட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை. கோடாங்கி வீட்டில் நான் உள்ளே போகவில்லை. வேனில் சாய்ந்துகொண்டு டிரைவரோடு தென் ஆப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்த ஐபிஎல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே உடுக்கைச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனி.

அந்தத் தண்ணீர் பாட்டிலை நான் இத்தனை வருஷம் என் கணக்கில் வரவாக வைத்திருந்தேன் என்பது அம்மா கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஆனால் என்னைத் திடுக்கிட வைத்தது அது இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற படத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு நொடிகூட எனக்கு அந்த வேன் ஞாபகம் வரவில்லை. ஷாட்டின் நீளத்தைக் கவனித்தேன். சத்தங்களைக் கவனித்தேன். என்னை மறந்துபோக அவை போதுமானவையாக இருந்தன. 'வாழை'யில் கண்ணீர் ரசீதாக இருந்தது என்றால் இங்கே ரசனை ரசீதாக இருந்தது. அதுவும் கொஞ்சம் விலை உயர்ந்த காகிதத்தில் அச்சடித்தது. அழாதவன் விழித்திருக்கிறான் என்ற என் தர்க்கத்தின் ஓட்டை அதுதான். அழாதவனும் தூங்கலாம், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபடியே.

படம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. பாண்டிக்கு அருகிலோ மீனாவுக்கு அருகிலோ மட்டும் அது இருக்கை போடவில்லை. ஆட்டோவில் கூட வருகிறவர்கள் நடுவே போட்டிருந்தது. பையைப் பிடித்துக்கொள்கிறவன், பாட்டிலை நீட்டுகிறவன், கூப்பிட்டதால் வந்தவன் உட்காரும் இடம். என் வாழ்க்கையில் நான் உண்மையாகவே உட்கார்ந்த இடம். அதில் என்னை உட்கார வைத்ததால்தான் அழுகை வரவில்லை. பிறர் அவலம் கண்டு அவலிப்பதற்கு நாம் சற்று விலகி, வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. கூடப் போகிறவனுக்கு அந்த விலகல் இல்லை. பேராசிரியர் பிரித்த இரண்டு அழுகைகளிலும் இது சேராது. இது என் இழவும் இல்லை, பிறர் இழவு கண்டு வந்த கருணையும் இல்லை. நான் உடனிருந்து நடத்திக் கொடுத்தது. அதற்கு என்ன மெய்ப்பாடு என்று எனக்குத் தெரியவில்லை. தொண்டை அடைத்துக்கொள்கிறது, பாண்டியின் கழுத்துச் சுண்ணாம்பு ஞாபகம் வருகிறது.

*

நண்பர்கள் இரண்டு ஆட்சேபணைகள் சொல்லக்கூடும். படத்தின் தரத்தை இப்படி அளக்கலாமா, உன் குடும்ப விவகாரத்துக்கும் கலைக்கும் என்ன சம்பந்தம் என்பது ஒன்று. அளக்கவில்லை. 'விசாரணை' இந்தப் பட்டியலில் சினிமா என்ற அளவில் மிக வலுவானதாக இருக்கலாம். ஆனால் காமிராவை எங்கே வைப்பது என்பது உத்தி பற்றிய கேள்வி மட்டும் இல்லை என்பதை நாம் ஐம்பது வருஷமாகச் சொல்லிவருகிறோம். சொல்லிவிட்டு, காமிரா வைக்கப்பட்ட இடத்தின் அழகைப் பேசுகிறோமே தவிர அங்கே நாம் போய் உட்கார்வதில்லை. உருவம் பற்றிய பேச்சு நமக்கு வசதியான திண்ணையாகிவிட்டது. வெயில் படாது, தெருவில் போகிற எல்லாவற்றையும் பார்க்கலாம்.

இரண்டாவது ஆட்சேபணை இன்னும் கடுமையானது. குற்ற உணர்வைப் பத்திரிகையில் எழுதி அச்சில் பார்ப்பதும் ஒரு ரசீதுதானே? ஆம், ஆகக்கூடும். வங்கிக்குள் தினமும் சலான்களைப் பார்க்கிறவன் என்பதால் இந்தச் சந்தேகம் எனக்கே முதலில் வந்தது. ஜேம்ஸின் பரிகாரத்தைப் பற்றியும் யோசித்தேன். வண்டியில் எழுந்து இடம் கொடு என்றார். அந்த வேனில் நான் எழுந்து இடம் கொடுத்திருந்தால் சித்தப்பா இன்னொருவரை ஏற்றியிருப்பார். இடம் கொடுப்பது போதாத வண்டிகள் இருக்கின்றன. அவற்றை நிறுத்தச் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் நின்றிருக்குமா என்பது வேறு விஷயம். பி.ஏ. படித்தவன், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், சொல்லவில்லை என்பது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வங்கிகளில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. சினிமாக்காரர்கள் சொல்லும் சஸ்பென்ஸ் எட்டாம் பாகத்தில் தீர்ந்துவிடும். இது வேறு. எந்தக் கணக்கில் எழுதுவது என்று உடனே தெரியாத தொகையை இதில் போட்டு வைப்போம். போட்டு வைத்ததால் தீர்ந்ததென்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு பதிவும் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று வயது குறித்து மேலே அனுப்ப வேண்டும். ஆடிட்டர் வந்தால் அந்தப் பட்டியலைத்தான் முதலில் கேட்பார். 'கொட்டுக்காளி' முடியாமல் முடிந்தபோது, பாண்டி என்ன செய்வான் என்பதே அது விட்டுச்சென்ற கேள்வி என்று நினைத்து அதன் தார்மிகத்தைப் பாராட்டினேன். பாண்டி என்ன செய்தால் என்ன? அது கற்பனை. என் பெயரில் ஒரு பதிவைப் போட்டுவிட்டுத்தான் படம் முடிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா. அவள் அன்று இன்னொரு வார்த்தையும் சொன்னாள். "அவ அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலடா. தண்ணிதான் கேட்டா."

அதன் பிறகு ஊரில் ஒரு காதுகுத்தில் சித்தப்பா மகளைப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். பந்தியில் என் இலைக்குப் பக்கத்தில் தம்ளரை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "சாப்பிடுங்கண்ணே" என்றாள். அந்தக் கோடாங்கி வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த இலைக்குப் போய்விட்டாள். தண்ணீரைக் குடித்தேன். பதிவு 2009-ல் எழுதியது. இன்னும் நேர் செய்யப்படவில்லை.